ப்ரோக்வால் 5: குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர் தன் மனநிலையை அளந்து பார்க்க உதவுமா?

குழந்தைப் பாதுகாப்புப் பணியில் எல்லாவற்றுக்கும் கெடு உண்டு. மீட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்த வேண்டும். சமூக விசாரணையை 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். போக்சோ, அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டத்தின் வழக்கு என்றால், குழந்தைக்கு நடந்ததைக் காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் திரும்பத் திரும்பக் கேட்க நேரும். இதற்கெல்லாம் படிவமும் பதிவேடும் இருக்கின்றன. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பணியாளருக்கு இரவில் தூக்கம் வருகிறதா என்று விசாரிக்க ஒரு படிவமும் இல்லை. அந்தக் குறையை ஓரளவுக்காவது தீர்ப்பது, பிறருக்கு உதவும் பணியில் இருப்பவர் தன் மனநிலையைத் தானே அளந்து பார்க்கும் ப்ரோக்வால் 5 என்ற கேள்வித்தாள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒருவர் தனக்காக நிரப்பி, தன்னிடமே வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் இது மிக நல்ல கருவி. அலுவலகம் இதைப் பெயரோடு வாங்கிக் கோப்பில் சேர்த்தால் பயன் போவதோடு, தீங்கும் வரும். இரண்டுக்கும் காரணங்களைப் பார்ப்போம்.

பிறர் துயரத்தைத் தொடர்ந்து சுமப்பவர்களுக்கு வரும் பாதிப்பைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் சார்லஸ் ஃபிக்லி 1990களில் விரிவாக எழுதினார். அவர் உருவாக்கிய சுயசோதனையை பெத் ஹட்னால் ஸ்டாம் வளர்த்தெடுத்தார். கெடுதலை மட்டும் அளந்தால் போதாது, இந்த வேலை தரும் நிறைவையும் அளக்க வேண்டும் என்பது அவர் சேர்த்த முக்கியமான யோசனை. அதுதான் ப்ரோக்வால். இன்று புழக்கத்தில் இருக்கும் ஐந்தாம் பதிப்பு 2009இல் வந்தது. விலை கிடையாது. உருவாக்கியவர் பெயரை விடாமல், உள்ளே எதையும் மாற்றாமல், விற்காமல் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 'உதவுபவர்' என்று வரும் இடங்களில் மட்டும் அவரவர் வேலையின் பெயரைப் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் நன்னடத்தை அலுவலரோ இல்லக் காப்பாளரோ 'உதவுபவர்' என்ற சொல்லைப் படித்ததும் இது ஆற்றுப்படுத்துநருக்கான தாள் என்று ஒதுக்கிவிடுவார். 'குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்' என்று போட்டுத் தந்தால் நிரப்புவார்.

இந்த வேலைக்கு இப்படி ஒரு அளவுகோல் தேவையா என்று கேட்பவர்களுக்கு இரண்டு தகவல்கள். 2013இல் வந்த டிஎஸ்எம் 5 என்ற மனநோய்க் கையேடு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய்க்கான காரணங்களில் ஒன்றாக, கொடூரமான விவரங்களை வேலையின் பகுதியாகத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதையும் சேர்த்திருக்கிறது. அதற்கு அந்தக் கையேடு தரும் உதாரணங்களில் ஒன்று, குழந்தைகள் மீதான வன்கொடுமை விவரங்களைத் தொடர்ந்து கேட்கும் காவலர்கள். இரண்டாவது தகவல், ஆய்வாளர் பிரையன் பிரைட் 2007இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் தென்பகுதி மாநிலம் ஒன்றில் 282 சமூகப் பணியாளர்களிடம் எடுத்தது. முந்தைய ஒரு வாரத்தில் ஒரு அறிகுறியாவது இருந்ததாகச் சொன்னவர்கள் 70.2 சதவீதம். அந்த நோய்க்கான எல்லா அறிகுறி நிபந்தனைகளும் பொருந்தியவர்கள் 15.2 சதவீதம். அவர்கள் பல துறைகளில் இருந்த சமூகப் பணியாளர்கள். இதை மனவலிமைக் குறை என்றோ வேலைக்குப் புதிதாக வந்தவரின் தடுமாற்றம் என்றோ ஒதுக்குவது நியாயமில்லை.

தாளில் 30 வாக்கியங்கள் இருக்கின்றன. கடந்த 30 நாட்களை மனதில் வைத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை போட வேண்டும். 1 என்றால் ஒருபோதும் இல்லை, 2 அரிதாக, 3 சில நேரம், 4 அடிக்கடி, 5 மிக அடிக்கடி. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இந்த 30 வாக்கியங்களும் பத்துப் பத்தாக மூன்று அளவுகளுக்குள் கலந்து வைக்கப்பட்டிருக்கின்றன. மனநிறைவு, அதாவது இந்த வேலை தரும் திருப்தி: 3, 6, 12, 16, 18, 20, 22, 24, 27, 30. பணிச்சோர்வு: 1, 4, 8, 10, 15, 17, 19, 21, 26, 29. இரண்டாம்நிலை அதிர்ச்சி, அதாவது பிறருக்கு நடந்த கொடுமை கேட்டவருக்குள் ஏறிக்கொள்வது: 2, 5, 7, 9, 11, 13, 14, 23, 25, 28. மூன்றையும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். மூன்றையும் சேர்த்து ஒரே கூட்டுத்தொகை என்று எதுவும் இதில் இல்லை. அப்படி ஒரு எண்ணை யாராவது எழுதிக் காட்டினால் அதற்கு அர்த்தமில்லை.

கணக்கில் பெரும்பாலும் தவறு வரும் இடம் பணிச்சோர்வு. 1, 4, 15, 17, 29 ஆகிய ஐந்தும் நல்லதைச் சொல்லும் வாக்கியங்கள். நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன், மற்றவர்களோடு ஒட்டுதல் இருக்கிறது என்பது போன்றவை. இவற்றுக்குப் போட்ட எண்ணைக் கூட்டுவதற்கு முன் தலைகீழாக மாற்ற வேண்டும். 1 என்பது 5 ஆகும், 2 என்பது 4, 3 அப்படியே, 4 என்பது 2, 5 என்பது 1. இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? அந்த ஐந்துக்கும் 5 போட்டு, மீதி ஐந்துக்கு 1 போட்ட ஒருவரின் உண்மையான மதிப்பெண் 10. அதாவது சோர்வே இல்லை. மாற்றாமல் கூட்டினால் அது 30 ஆகிவிடும். எக்செலில் படிவம் செய்து வைத்திருக்கும் அலுவலகங்கள் முதலில் இந்த உதாரணத்தைப் போட்டு 10 வருகிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது தவறு வெட்டுப்புள்ளிகளில் வருகிறது. ஒவ்வொரு அளவிலும் கூட்டுத்தொகை 22 அல்லது அதற்குக் கீழே என்றால் குறைவு, 23 முதல் 41 வரை நடுத்தரம், 42 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம். இதோடு 43, 50, 57 என்ற இன்னொரு வரிசையும் சேர்ந்தே சுற்றுகிறது. அது நேரடிக் கூட்டுத்தொகையைப் புள்ளியியல் முறையில் சீராக்கிய பிறகு, அதாவது சராசரியை 50 ஆக வைத்த பிறகு வரும் எண்களுக்கானது, ஆய்வாளர்களுக்குத் தேவைப்படுவது. நேரடியாகக் கூட்டினால் ஒரு அளவில் அதிகபட்சமே 50தான். எனவே நேரடிக் கூட்டுத்தொகையை அந்த வரிசையோடு ஒப்பிட்டால் யாருமே 57ஐத் தொட முடியாது. இரண்டாம்நிலை அதிர்ச்சியில் 46 வாங்கியவர் 'நடுத்தரம்' என்று வீட்டுக்கு அனுப்பப்படுவார். கையில் கூட்டுபவர்கள் 22, 42 ஆகிய இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

அந்த 42லும் ஒரு எச்சரிக்கை வேண்டும். பத்து வாக்கியங்களுக்கும் சராசரியாக 4.2 போட்டால்தான் 42 வரும். எல்லாவற்றுக்கும் 'அடிக்கடி' என்று போட்டவருக்குக்கூட 40தான், நடுத்தரம்தான். இரண்டாம்நிலை அதிர்ச்சியில் 38 வாங்கியவர் நன்றாக இருக்கிறார் என்று நினைத்தால் அது பெரிய பிழை. அதனால் கூட்டுத்தொகையைப் பார்த்த பிறகு தாளை மூடிவிடக் கூடாது. 4, 5 போட்ட வாக்கியங்களை வட்டமிட்டுத் தனியாகப் பார்க்க வேண்டும். எதிர்பாராத சத்தம் கேட்டால் திடுக்கிடுவது (5), வேண்டாத பயமுறுத்தும் எண்ணங்கள் தானாக வருவது (25), சில இடங்களையும் சூழல்களையும் தவிர்ப்பது (23), குழந்தைக்கு நடந்தது தனக்கே நடப்பது போல உணர்வது (14): இந்த நான்கில் இரண்டுக்கு 4 அல்லது 5 வந்தால், கூட்டுத்தொகை எதுவாக இருந்தாலும் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது இந்த மதிப்பாய்வின் உறுதியான கருத்து. ப்ரோக்வாலின் கையேட்டில் இப்படி ஒரு விதி இல்லை. ஆனால் நடுத்தரம் என்ற அகலமான கட்டத்துக்குள் பல பேரின் துன்பம் மறைந்துவிடுகிறது.

மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் இந்தத் தாள் எவ்வளவு உதவும் என்பது தெரியும். மனநிறைவு அதிகம், மற்ற இரண்டும் குறைவு என்றால் நல்ல நிலை. இவர் மற்றவர்களுக்கும் கைகொடுக்க முடிந்தவர். பணிச்சோர்வு மட்டும் அதிகம் என்றால் பிரச்சினை பெரும்பாலும் வேலை அமைப்பில் இருக்கிறது: வழக்குச் சுமை, வண்டி இல்லாத களப்பயணம், ஒரே தகவலை நான்கு இடத்தில் பதிவேற்றுவது, தாமதமாக வரும் தொகுப்பூதியம். இவருக்குத் தியான வகுப்பு நடத்துவதால் எதுவும் மாறாது. சுமையைக் குறைக்க வேண்டும், விடுப்பு தர வேண்டும், முடிந்தால் கொஞ்ச காலம் வேலையை மாற்றித் தர வேண்டும்.

இரண்டாம்நிலை அதிர்ச்சி மட்டும் அதிகம், மற்ற இரண்டும் குறைவு என்றால் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வழக்கு இவரை உலுக்கியிருக்கும். வேலையில் அலுப்பு வரவில்லை, பயம் வந்திருக்கிறது. இவருக்கு விடுப்பு மட்டும் கொடுத்தால் வீட்டில் தனியாக உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருப்பார். பயிற்சி பெற்றவரின் உதவி தேவை.

குழந்தைப் பாதுகாப்பில் பலரும் கவனிக்கத் தவறும் சேர்க்கை ஒன்று உண்டு. மனநிறைவும் அதிகம், இரண்டாம்நிலை அதிர்ச்சியும் அதிகம், பணிச்சோர்வு குறைவு. போரும் வன்முறையும் நடக்கும் இடங்களில் வேலை செய்பவர்களிடம் இது தெரிவதாகக் கையேடு சொல்கிறது. நம் மாவட்டங்களிலும் இப்படிப்பட்டவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1098 குழந்தை உதவி எண்ணில் அழைப்பு வந்தால் முதல் ஆளாகக் கிளம்புகிறவர், நீதிமன்றத்தில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர். வேலையில் குறை சொல்ல முடியாது. அதனாலேயே கடினமான வழக்கெல்லாம் அவரிடமே போகும். அவர் வீட்டில் தன் பிள்ளையைப் பக்கத்துத் தெருவுக்குக்கூட அனுப்பப் பயப்படுவது யாருக்கும் தெரியாது. நல்ல பணியாளர் ஒருநாள் திடீரென்று வேலையை விட்டுவிட்டார் என்று பிறகு ஆச்சரியப்படுவார்கள். இந்தச் சேர்க்கையை வெளியே காட்டித் தருவதற்காகவே ப்ரோக்வாலை வைத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்து இரண்டு பாலியல் வன்முறை வழக்குகளை ஒரே ஆளிடம் தராமல் மாற்றி மாற்றித் தருவது, மேலாளர் செலவில்லாமல் செய்யக்கூடிய முதல் மாற்றம்.

பணிச்சோர்வு அதிகம், அதிர்ச்சி அதிகம், மனநிறைவு குறைவு. இதுதான் மிக மோசமான சேர்க்கை. தற்போதைய பொறுப்பிலிருந்து விலக்கி வைக்க வேண்டும், மனச்சோர்வு நோயும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோயும் இருக்கின்றனவா என்று மருத்துவர் பார்க்க வேண்டும் என்று கையேடே சொல்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். உள்ஒத்திசைவை, அதாவது ஒரு அளவின் வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் காட்டும் ஆல்ஃபா எண் (1க்கு நெருங்க நெருங்க நல்லது) மனநிறைவுக்கு 0.88, இரண்டாம்நிலை அதிர்ச்சிக்கு 0.81, பணிச்சோர்வுக்கு 0.75. மூன்றில் பலவீனமானது பணிச்சோர்வுதான். காரணத்தைக் கேள்விகளிலேயே பார்க்கலாம். 8ஆவது வாக்கியம், உதவி பெற்றவரின் கொடுமையான அனுபவத்தை நினைத்துத் தூக்கம் போவதால் வேலை கெடுகிறது என்பது. அதைப் பணிச்சோர்வில் சேர்த்திருக்கிறார்கள். குழந்தைப் பாதுகாப்பில் இருப்பவர் அதைப் படித்தால் அதிர்ச்சியின் அடையாளமாகவே எடுத்துக்கொள்வார். இரண்டு அளவுகளும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன என்ற விமர்சனம் நெடுநாளாக உண்டு. 2018இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் செவிலியர்களிடம் சோதித்து, இரண்டையும் ஒரே அளவாக்கி, 21 வாக்கியங்களாகச் சுருக்கிய ஒரு வடிவத்தையும் வெளியிட்டார்கள். எனவே பணிச்சோர்வில் 31, அதிர்ச்சியில் 28 என்பது போன்ற சின்ன வித்தியாசத்தை வைத்து 'உனக்கு அதிர்ச்சி இல்லை, சோர்வுதான்' என்று தீர்ப்பு சொல்லக் கூடாது.

இது கேட்காத விஷயங்கள் இன்னும் முக்கியம். தற்கொலை எண்ணம் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. குடி பற்றி இல்லை. பணியாளரையே மிரட்டியது, குழந்தைத் திருமணத்தை நிறுத்தப் போன இடத்தில் அடிக்க வந்தது போன்ற நேரடி ஆபத்து பற்றியும் இல்லை. அது இரண்டாம்நிலையே கிடையாது, முதல்நிலை அதிர்ச்சி. முகூர்த்த மாதங்களில் களத்துக்குப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. குழந்தையைத் திரும்ப வீட்டுக்கு அனுப்புவது சரியில்லை என்று மனதார நம்பியும், உத்தரவு அப்படி வந்ததால் தானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவரின் குற்ற உணர்வு. அமைப்பில் சிக்கிக்கொண்ட உணர்வைத் தொடும் 26ஆவது வாக்கியம் மட்டும் அதன் ஓரத்தைத் தொடுகிறது.

அதனால் ப்ரோக்வாலோடு, மனச்சோர்வு நோயின் அறிகுறிகளைக் கேட்கும் பிஎச்க்யூ 9 தாளையும் சேர்த்து நிரப்புவது நல்லது. ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரம், 0 முதல் 3 வரை. தமிழிலும் கிடைக்கிறது. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எது வந்தாலும் கூட்டுத்தொகைக்குக் காத்திருக்காமல் அன்றே ஒருவரிடம் சொல்ல வேண்டும். அதிர்ச்சியைத்தான் துல்லியமாகப் பார்க்க வேண்டும் என்றால் பிரைட்டும் மற்றவர்களும் 2004இல் வெளியிட்ட எஸ்டிஎஸ்எஸ் என்ற அளவுகோல் இருக்கிறது. 17 வாக்கியம், கடந்த ஏழு நாள். எண்ணங்கள் ஊடுருவுவது, தவிர்ப்பது, உடல் எப்போதும் விழிப்பில் இருப்பது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. 38 அல்லது அதற்கு மேல் கவனிக்க வேண்டியது, 49 அல்லது அதற்கு மேல் கடுமை. கடினமான ஒரு வழக்குக்குப் பிறகு ஒருவருக்கு என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்க அது பொருத்தம். ஆண்டு முழுக்க ஒரு பணியாளரின் போக்கைத் தெரிந்துகொள்ள ப்ரோக்வால் பொருத்தம், ஏனென்றால் இவற்றில் நிறைவையும் அளப்பது அது ஒன்றுதான்.

அலுவலகத்தில் இதைப் பயன்படுத்துவது பற்றி இங்கே கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பெரும்பாலோர் ஒப்பந்தப் பணியாளர்கள். ஆண்டுதோறும் பணி நீட்டிப்புக்குக் காத்திருப்பவரிடம் 'உங்கள் மனநிலையை நேர்மையாக எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்ப வேண்டும்' என்றால் எல்லாவற்றுக்கும் நல்ல எண்ணாகப் போட்டுக் கொடுப்பார். கையில் கிடைப்பது பொய்த் தகவல். அதைவிட மோசம், உண்மையாக எழுதிய ஒருவரைத் 'தாங்கமாட்டார்' என்று முத்திரை குத்துவது. இந்த அளவுகோல் நோயைக் கண்டறியும் சோதனை கிடையாது. ஆளெடுக்கவோ நீக்கவோ இதைப் பயன்படுத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை.

பெயர் இல்லாமல் வாங்கினால் போதும் என்று நினைப்பார்கள். போதாது. ஒரு அலகில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். அதில் ஆற்றுப்படுத்துநர் ஒருவர், சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர் ஒருவர். பதவி வாரியாக அட்டவணை போட்டால் அது யாருடைய எண் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஐந்தாறு மாவட்டங்களைச் சேர்த்துத் தொகுத்தால்தான் அது மறையும். நடைமுறையில் சரியாக வருவது இப்படி: கூட்டத்தின் தொடக்கத்தில் தாளையும் பேனாவையும் கொடுத்து 15 நிமிடம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொருவரும் தானே நிரப்பி, தானே கூட்டி, மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். மேலாளர் வாங்கக் கூடாது, எவ்வளவு வந்தது என்று கேட்கவும் கூடாது. அதன்பின் 'இந்த மூன்று மாதத்தில் சுமையைக் கூட்டியது எது' என்று வேலையைப் பற்றி மட்டும் பேசலாம். ஆங்கிலத் தாளை வைத்து ஒருவர் தமிழில் விளக்கினால், ஒவ்வொரு வாக்கியத்தையும் எப்படிச் சொல்வது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதையே சொல்ல வேண்டும். சொல்லும் விதம் மாறினால் போன முறை எண்ணோடு இந்த முறை எண்ணை ஒப்பிட முடியாது. குழந்தை இறந்துபோன வழக்குக்கு மறுநாள் இந்தத் தாளைக் கொடுக்கக் கூடாது. 30 நாளைக் கேட்டாலும் அந்த ஒரு நாளின் நிறம்தான் எல்லா விடையிலும் ஏறும்.

அப்படிப்பட்ட வழக்குக்குப் பிறகு எல்லோரையும் உட்கார வைத்து, நடந்ததை ஒவ்வொருவராக விவரமாகச் சொல்லவைக்கும் ஒரே அமர்வுக் கூட்டங்கள் இன்னும் நடக்கின்றன. நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அதிர்ச்சிக்குப் பிந்தைய நோயைத் தடுக்க அந்த முறை உதவுவதில்லை, அதைச் செய்ய வேண்டாம் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். நேரில் பார்க்காதவரும் மற்றவர் வாயால் எல்லா விவரத்தையும் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டு போவார். இதற்கு மாற்றாகக் கனடாவைச் சேர்ந்த மனநல ஆலோசகர் பிரான்சுவாஸ் மாத்தியூ சொல்லும் நான்கு படிகளை அலுவலகச் சுவரிலேயே ஒட்டலாம். முதலில், தான் எவ்வளவு விவரம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று கவனிப்பது. இரண்டாவது, 'ஒரு கஷ்டமான வழக்கு பற்றிப் பேசணும்' என்று முன்கூட்டியே எச்சரிப்பது. மூன்றாவது, 'இப்போ பேசலாமா' என்று அனுமதி கேட்பது. நான்காவது, வெளிவட்டத்திலிருந்து தொடங்கித் தேவையான அளவுக்கு மட்டும் சொல்வது. தேநீர்க் கடையில் நின்றபடி காயங்களின் விவரத்தைச் சொல்லும் பழக்கம் இதனால் குறையும். அதே காரணத்துக்காக, வாக்குமூலத்தை அலகில் ஒருவர் படித்தால் போதும் என்றால் மூன்று பேர் படிக்க வேண்டாம்.

நியூயார்க் நகரக் குழந்தைகள் நலத் துறை தன் களப் பணியாளர்களுக்காக 24 அமர்வுகள் கொண்ட குழுத் திட்டம் ஒன்றைப் பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து உருவாக்கியது. வேலை நேரத்திலேயே, மேற்பார்வையாளர்களும் சேர்ந்து உட்காரும் ஏற்பாடு அது. அந்த அளவுக்கு இங்கே இன்று கிடைக்காது. ஆனால் வழக்கு எண்ணிக்கை கேட்கும் ஆய்வுக் கூட்டத்தையும், பணியாளர் மனம்விட்டுப் பேசும் மேற்பார்வை நேரத்தையும் பிரித்து வைப்பதற்குப் பணம் தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம், கதவு மூடிய அறை, கைப்பேசி அணைத்து.

தாள் 'உதவி தேவை' என்று காட்டிவிட்டது, எங்கே போவது? தமிழ்நாட்டில் உடனே எட்டும் இடம் 14416. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை இது. தமிழ்நாடு அரசு 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடத்துகிறது. 24 மணி நேரமும் கட்டணமில்லை. 1800 891 4416 என்ற எண்ணும் அதுவே. முதல் கட்டத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் இரண்டாம் கட்டத்தில் மனநல நிபுணரிடம் இணைப்பார்கள், அல்லது மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புவார்கள். நள்ளிரவில் தூக்கமில்லாமல் கிடப்பவருக்கு, தெரிந்தவர் யாரும் பார்க்காமல் பேச ஒரு இடம் இருக்கிறது என்பது பெரிய விஷயம். அதை மனதாரப் பாராட்ட வேண்டும்.

போதாமையும் உண்டு. இது பொதுமக்கள் எல்லோருக்குமான சேவை. போக்சோ வழக்கில் ஆதரவாளராக இருப்பது என்றால் என்ன என்று எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ராணுவத்தினருக்காகப் புனேயில் 2023 டிசம்பரில் டெலி மானஸ் தனிப் பிரிவு ஒன்று தொடங்கியது. அவர்களின் வேலையையும் அழுத்தத்தையும் புரிந்தவர்கள் பேசுவதற்காக. அதே நியாயம் குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்களுக்கும் பொருந்தும். துறை கேட்டுப் பெற வேண்டிய ஏற்பாடு இது.

அதுவரை அழைப்பவர் கொஞ்சம் தயாராகப் பேசினால் நேரம் மிச்சமாகும். வேலையை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்: 'வன்முறைக்கு ஆளான குழந்தைகளோடு வேலை செய்கிறேன். அவர்களுக்கு நடந்ததைத் தினமும் கேட்க வேண்டியிருக்கிறது.' பிறகு உங்களுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, எத்தனை நாளாக, என்ன காட்சி திரும்ப வருகிறது. குழந்தையின் பெயர், ஊர், பள்ளி, குற்ற எண் எதுவும் வேண்டாம். போக்சோ சட்டமும் இளைஞர் நீதிச் சட்டமும் காக்கச் சொல்லும் அடையாளம் அது, உங்கள் சிகிச்சைக்கு அது தேவையும் இல்லை. ஆலோசகரின் பேச்சு ஆறுதலோடு நின்றுவிட்டால், மனநல நிபுணரிடம் இணைக்கும்படி நீங்களே கேளுங்கள்.

மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரில் போவதானால் வட்டமிட்ட தாள்களைத் தேதியோடு கையில் எடுத்துச் செல்லுங்கள். ஜனவரியில் 24, ஏப்ரலில் 30, ஜூலையில் 39 என்று வரிசையாகக் காட்டினால், கூட்டமான புறநோயாளி நேரத்திலும் மருத்துவருக்குப் போக்கு உடனே புரியும். அதிர்ச்சிக்குப் பிந்தைய நோய் என்று தெரிந்தால், அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையோ, கண் அசைவைப் பயன்படுத்தும் இஎம்டிஆர் சிகிச்சையோ கிடைக்குமா, எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். தூக்க மாத்திரையோடு அனுப்பினால் அடுத்த சந்திப்புத் தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். அங்கே சொல்வது அலுவலகத்துக்குப் போய்விடுமோ என்ற பயம் இருந்தால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 23ஆவது பிரிவு உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. விடுப்புக்கு மருத்துவச் சான்று தேவைப்பட்டால், நோயின் பெயரை எழுதாமல் ஓய்வு தேவை என்று மட்டும் குறிப்பிட முடியுமா என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.